பதிலாள் கையெழுத்து

நான் திடீரென்று செத்துப்போனால் என் வேலையை யார் எடுத்துச் செய்வார் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். சாகாமல் படுக்கையில் விழுந்தாலும், புத்தி பிசகினாலும் அதே ஆள்தான் வர வேண்டும். அவரும் என்னைப் போல லைசென்ஸ் உள்ள கணக்காளராக இருக்க வேண்டும். தனியாளாகத் தொழில் நடத்துகிற எல்லோருக்கும் எங்கள் சங்கம் வைத்திருக்கிற விதி இது. பதிலாள் ஒருவரின் பெயர் இல்லாவிட்டால் புது வருடத்துக்கு லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாவிட்டால், லண்டன் கோலியர்ஸ் வுட்டில் மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் என் ஒற்றை அறைக் கந்தோரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்குப் பதிலாள் வெம்பிளியில் கந்தோர் வைத்திருந்த ஒரு மலேசியத் தமிழர். அவருக்குப் பதிலாள் நான். ஒவ்வொரு டிசம்பர் தொடக்கத்திலும் வெம்பிளியில் ஒரு சைவச் சாப்பாட்டுக்கடையில் சந்திப்போம். அவர் செத்தால் நான் வருவேன் என்றும், நான் செத்தால் அவர் வருவார் என்றும் எழுதிய ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்து வைத்துவிட்டுத் தோசை சாப்பிடுவோம். அந்தச் சந்திப்புக்கு அவர் வைத்த பெயர் திவசச் சாப்பாடு. "இந்த வருசம் யாரு முந்துறது?" என்று கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரிப்பார். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் சாவைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். உயில் எழுதச் சொன்னாலே முகம் கறுத்துவிடும். எனக்கும் அந்தப் பகிடி பிடிக்காது. ஆனாலும் அந்தத் தோசைக்காக வருடம் முழுக்கக் காத்திருந்தேன் என்பதை இப்போது மறைக்க என்ன இருக்கிறது.

நாங்கள் பழகத் தொடங்கியதே தோல்வியில்தான். கடைசிப் பேப்பரைக் குறித்த காலத்துக்குள் தாண்டாவிட்டால், அதுவரை பாஸ் பண்ணியவையும் கழிந்துபோகும் என்ற விதிக்குக் கீழே இரண்டு பேரும் நின்ற நேரம். நான் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு உடையில் வாசனையோடு வந்து பரீட்சை எழுதினேன். அவர் படிக்க வந்து, படிப்பு முடிந்து, ஒரு ஹோட்டலில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். பரீட்சை முடிந்து மழைக்கு ஒதுங்கி நின்றபோது, தமிழ் முகம் என்று கண்டு, எப்படி இருந்தது என்று கேட்டார். உங்களைப் பார்த்தால் பாஸ் பண்ணுகிற ஆள் மாதிரி இருக்கிறது, என்னை விடுங்கள் என்று எரிந்து விழுந்தேன். நான் பிறந்ததிலிருந்தே சிடுமூஞ்சிக்காரி. அகதியாக வந்த பிறகு அதற்கு ஒரு நியாயமும் கிடைத்திருந்தது. பாஸ் பண்ணுகிற ஆள் எதற்கு இத்தனை தரம் வருகிறான் என்றார் அவர். இரண்டு பேரும் அந்த முறை தாண்டினோம்.

பரீட்சை பாஸ் பண்ணினால் கணக்காளர் ஆகிவிடலாம் என்று நினைப்பவர்கள் கலியாணத் தரகர்கள் மட்டும்தான். அதற்குப் பிறகு லைசென்ஸ் உள்ள ஒருவருக்குக் கீழே வருடக்கணக்கில் வேலை செய்ய வேண்டும். செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்து வைக்க வேண்டும். லைசென்ஸ் கிடைத்த பின்னும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு வருடமும் இத்தனை மணி நேரம் புதிதாகப் படித்தேன், இன்சூரன்ஸ் கட்டினேன், கோர்ட்டுக்குப் போகவில்லை, இந்த வேலைக்குத் தகுதியோடு இருக்கிறேன் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். சங்கத்திலிருந்து ஆள் வந்து நம் பைல்களைத் திறந்து பார்க்கலாம். கணக்காளர் ஆவதைவிட, ஆன பிறகு அப்படியே இருப்பதுதான் பெரும்பாடு.

ஒப்பந்தத்தை முதன்முதலில் எழுதிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சங்கம் கொடுத்த மாதிரியில் ஒரு வெற்றிடம் இருந்தது. ஒருவருக்கு வேலை செய்ய ஏலாமல் போய்விட்டது என்பதை யார் தீர்மானிப்பது என்ற இடம். பெரும்பாலும் டாக்டர் என்றுதான் போடுவார்கள். நானும் அதைத்தான் எழுதப் போனேன். அவர் பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

"டாக்டர் உடம்பத்தான் பார்ப்பாரு. மண்டையில கணக்கு ஓடுதா இல்லையான்னு கணக்குப் பார்க்கிற ஆளுக்குத்தான் தெரியும். நீங்க எனக்கு, நான் உங்களுக்கு. தாட்சண்யம் பார்க்கக் கூடாது லா, சொல்லிட்டேன்."

அந்த 'லா' அவருடைய மலேசிய வாய்ப்பழக்கம். அப்படியே அந்த இடத்தில் என் பெயரை அவரும், அவர் பெயரை நானும் எழுதினோம். வயது நாற்பதைத் தொடாத காலம். தோசை வந்துவிட்டது என்று பேப்பரை ஓரமாக நகர்த்தி வைத்தோம்.

போன வருடத்துக்கு முந்தின டிசம்பரில் அவர் நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல டை கட்டியிருந்தார். சனிக்கிழமையில்கூட டை கட்டுகிற மனிதர். திவசச் சாப்பாடு என்று சொல்லவில்லை. நான் ஒப்பந்தத்தை நீட்டினேன். எடுத்து, முழுக்க வாசித்துவிட்டு, என் பெயருக்கு மேலே தன் கையெழுத்தைப் போட்டார். அங்கே இல்லை, கீழே என்று காட்டினேன். அவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பிரதியிலும் என் பெயருக்கு மேலேயே போட்டார்.

கண்ணாடி மாற்ற வேண்டும் போல என்று அவரே சொன்னார். இந்த மனிதர் எந்தப் பத்திரத்திலும் எங்கே கையெழுத்து என்று பார்க்காமலே போடுவார். கை அறிந்த வேலை. நான் வேறு பிரதி கொண்டு வருகிறேன் என்று சொல்லித் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். மிச்ச நேரம் முழுக்க அவர் தன்னுடைய ஹோட்டல் காலத்தைப் பற்றிப் பேசினார். ஒரு பிழையும் இல்லாமல், பெயர் ஊரோடு பேசினார். கண்ணாடிதான் காரணம் என்று ரயிலில் திரும்பி வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து அவருடைய மனைவி போன் பண்ணினார். அவரை நான் அக்கா என்பேன், அவர் கணவரை அண்ணை என்பேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் சுற்றி வளைத்துப் பேசாதவர் அன்று வளைத்தார். அண்ணைக்கு இந்த வருடம் படிப்பு மணி நேரம் குறைகிறதாம். கம்ப்யூட்டரில் அந்த வகுப்புகளை எடுத்து, கடைசியில் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலை அழுத்த வேண்டும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுத்திக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அவருக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். ஞாபக மறதிக்கான கிளினிக்கில் தேதி கொடுத்திருக்கிறார்கள், அது மார்ச்சில் என்றார்.

"காலையில எழுந்து டை கட்டிக்கிட்டு ஆபீஸ் போறாரு. அந்த சர்டிபிகேட் சுவத்துல இருக்கிற வரைக்கும்தான் அவரு நிக்கிறாரு. அத எடுத்துட்டா படுத்துடுவாரு மா. இந்த ஒரு வருசம் மட்டும்."

நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகு யோசித்தது அவரைப் பற்றி மட்டும் அல்ல. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என்னைப் பற்றியும்தான். அவருடைய லைசென்ஸ் போனால் எனக்குப் பதிலாள் இல்லை. வருடம் முடிய இன்னும் சில கிழமைகளே இருந்தன. டிசம்பரில் ஒரு தனியாள் கணக்காளரைப் பிடித்து, என் வாடிக்கையாளர் எல்லோரையும் உங்கள் தலையில் கட்டச் சம்மதமா என்று கேட்டால் ஆர் ஓம் என்பார்? நான் வாயை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் இரண்டு பேருக்கும் லைசென்ஸ் இருக்கும். அழுத்தாவிட்டால் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகலாம். பிடிபட்டால், சொல்லவே வேண்டாம்.

முதலில் நேரில் பார்ப்போம் என்று வெம்பிளிக்குப் போனேன். அவருடைய கந்தோர் ஒரு புடவைக்கடைக்குப் பின்னால் இருந்த அறை. நான் வந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. தேநீர் போட்டுக் கொடுத்தார். அலமாரியில் பைல்கள் ஒழுங்காக இருந்தன. எனக்கு நம்பிக்கை வந்தது. அக்கா வீணாகப் பயப்படுகிறார் என்றுகூட நினைத்தேன்.

அப்போது ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருப்பவர். கடையில் கூட்டம், பில்களை எல்லாம் சேர்க்க நேரம் கிடைக்கவில்லை, வரிக் கணக்குக் கொடுக்கக் கடைசித் தேதி எப்போது என்று கேட்டார். லண்டனில் கணக்கு வேலை செய்கிற எவரையும் நித்திரையில் தட்டிக் கேட்டாலும் ஜனவரி முடிவு என்பார்கள். எங்கள் வருடமே அந்த ஒரு தேதியைச் சுற்றித்தான் ஓடுகிறது; எங்கள் ஆட்கள் நத்தார் என்கிற கிறிஸ்மஸ் விருந்தில்கூட அது தொண்டையில் நிற்கும்.

"ஏப்ரல் கடைசி வரைக்கும் டைம் இருக்கு லா," என்றார் அவர். "ஒன்னும் அவசரம் இல்ல."

ஏப்ரல் கடைசி அவருடைய நாட்டுத் தேதி. மலேசியாவில் சம்பளக்காரர்கள் அப்போதுதான் வரிக் கணக்குக் கொடுப்பார்கள். வாலிபனாக அங்கே ஒரு கந்தோரில் எழுத்தராக இருந்தபோது பழகிய தேதி அது என்று முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார். இங்கே இத்தனை காலம் ஜனவரிக்குப் பயந்து வாழ்ந்த மனிதரின் தலைக்குள் ஜனவரி இல்லாமல் போயிருந்தது. கடைக்காரருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. அப்ப நான் சிவராத்திரி முடிய வாறன் அண்ணை என்று எழும்பினார்.

அவரைக் கதவு வரை போக விட்டுவிட்டு, வெளியே ஓடிப்போய்த் திருத்தலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால்? ஜனவரி தாண்டினால் அபராதம் கடைக்காரருக்குத்தானே. அதனால் இருந்த இடத்திலேயே, ஏப்ரல் இல்லை, ஜனவரி முடிய முந்தி எல்லாத்தையும் கொண்டு வாங்கோ என்றேன். கடைக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணையின் முகம் சிவந்தது. இது யாருடைய ஆபீஸ் என்று என்னிடம் கேட்டார். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. கடைக்காரர் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் போட்டுவிட்டு நழுவினார்.

அவர் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சுவரில் தொங்கிய காலண்டருக்கு முன்னால் போய் நின்றார். கோபம் இறங்கிவிட்டது தோளில் தெரிந்தது.

"நான் இப்ப என்னா சொன்னேன்?"

"ஒண்டுமில்லை அண்ணை," என்றேன். "தேதியில சின்னப் பிசகு. ஆருக்குத்தான் வராது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் விளங்கவில்லை. தேநீர்க் கோப்பைகளைக் கழுவித் தருகிறேன் என்று எழுந்துவிட்டேன். வெளியே வரும்போது வாசலில் அக்கா நின்றார். உள்ளே நடந்ததைக் கடைக்காரரிடம் கேட்டிருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தேன். யார் தீர்மானிப்பது என்ற இடத்தில், இளமைக் காலக் கொழுப்போடு எழுதிய கையெழுத்தில், என் பெயர். டாக்டரும் இல்லை, மனைவியும் இல்லை, சங்கமும் இல்லை. எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. பேனாவைப் பிடித்து நிறுத்திய அந்தக் கையை நினைத்துப் பல்லைக் கடித்தேன். டாக்டர் என்று எழுத விட்டிருந்தால் மார்ச் வரைக்கும் எனக்கு ஒரு சாட்டு இருந்திருக்கும். டாக்டர் சொல்லட்டும் என்று நானும் அக்காவும் சேர்ந்தே காத்திருந்திருப்போம்.

அதற்குப் பிந்திய நாட்கள் மோசமானவை. அக்கா தினமும் போன் பண்ணினார். படிப்பை எப்போது முடிப்போம் என்று கேட்டார். நான் ஜனவரி வேலையைச் சாட்டாகச் சொன்னேன். இதற்கிடையில் எனக்குத் தெரிந்த கணக்காளர் இரண்டு பேரிடம் பதிலாளாக வருவீர்களா என்று விசாரித்தேன். ஒருவர் நேரமில்லை என்றார். மற்றவர், உங்கள் பழைய ஆளுக்கு என்ன என்று கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். பேச்சை மாற்றியபோதே புரிந்துவிட்டது, எந்தப் பக்கம் திரும்பினாலும் பொய் சொல்லாமல் இனி ஒரு அடி வைக்க ஏலாது. கந்தோரில் ஒரு கணக்கைத் திறந்தால் மூளை ஓடவில்லை. அந்த மளிகைக்கடைக்காரர் ஜனவரியில் வருவாரா, யார் சொன்னதை நம்பியிருப்பார் என்பதே மனதில் நின்றது. அவரைப் போல இன்னும் எத்தனை பேருக்கு ஏப்ரல் என்று சொல்லப்பட்டிருக்கிறதோ என்ற பயமும் வந்தது.

நத்தாருக்கும் புது வருடத்துக்கும் இடைப்பட்ட ஒரு காலையில் கிளம்பினேன். ரயில்கள் குறைவு. லண்டன் பிரிட்ஜில் மாறுவதற்குள் இரண்டு தரம் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். வெம்பிளி பார்க்கில் இறங்கி நடந்தேன். வீட்டுக் கதவைத் திறந்த அக்கா என் முகத்தைப் பார்த்தார். பொத்தானை அழுத்த வந்த முகம் இல்லை அது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வழியை விடாமல் நின்றார். உங்களைக் கூடப்பிறந்தவளாகத்தான் நினைத்தேன் என்று மெதுவாகச் சொன்னார். நானும் அப்படி நினைத்துத்தான் வந்தேன் என்றேன். அவர் விலகவில்லை, நான்தான் பக்கவாட்டில் நுழைந்து உள்ளே போனேன்.

அண்ணை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டிலும் டை. எதிரே உட்கார்ந்தேன். ரயிலில் வந்த நேரம் முழுக்கச் சொல்லிப் பார்த்த வசனங்கள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குழம்பிப்போயின. மிஞ்சியது ஒன்றுதான்.

"அண்ணை, நீங்கள் இனிக் கையெழுத்து வைக்கக் கூடாது. உங்களுக்கு ஏலாமல் போச்சுது. நான்தான் சொல்ல வேணும் எண்டு எழுதியிருக்கு, அதால சொல்லுறன்."

கதவோரத்தில் அக்கா அழுகிற சத்தம் கேட்டது. அவர் டையை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தார். கத்துவார் என்று நினைத்து உடம்பை இறுக்கிக்கொண்டேன். அவர் நீளமாக ஒரு மூச்சை விட்டார்.

"சொல்ல மாட்டீங்கன்னு பயந்துட்டேன். அன்னிக்கு ஆபீஸ்ல கேட்டேன், ஒன்னும் இல்லன்னு சொன்னீங்க. நீங்களே பொய் சொல்ல ஆரம்பிச்சிட்டா அப்புறம் நான் யாரத்தான் நம்புறது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். காலண்டர் பக்கமிருந்து திரும்பி என்னைப் பார்த்த அந்தப் பார்வை அப்போதுதான் விளங்கியது. அவர் என்னைச் சோதித்திருக்கிறார். நான் அன்று பெயில்.

"சரி, அத விடுங்க," என்றார். "உங்களுக்கு இனி பதிலாள் யாரு?"

இன்னும் ஒருவரும் இல்லை என்றேன். அவர் எழுந்து போய்த் தன் போனைக் கொண்டு வந்தார். லூயிஷாமில் தனியாகத் தொழில் நடத்தும் ஒரு பெண்ணின் பெயரைக் காட்டினார். சிவன் கோவிலில் பழக்கமாம். அக்டோபரிலேயே, தலைக்குள் ஏதோ சரியில்லை என்று தனக்குத் தெரிந்த அன்றே, அந்தப் பெண்ணிடம் என்னைப் பற்றிப் பேசிச் சம்மதம் வாங்கி வைத்திருந்தார். வருடம் முடிவதற்குள் போய்ப் பாருங்கள், ரொம்ப டைம் இல்லை என்றார். தன் தேதியை மறந்தவர் என் தேதியைச் சரியாக வைத்திருந்தார். அவ்வளவு நேரமும் அழாத நான் அந்த இடத்தில் அழுதுவிட்டேன்.

லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் கடிதத்தை அன்றே எழுதினோம். கையெழுத்து வைக்கும் இடத்தை நான் காட்டவில்லை. அவரே தேடிப் பிடித்துப் போட்டார். அக்கா எனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் செருப்பை எடுத்திருப்பேன்.

ஜனவரி முழுக்க வெம்பிளிக்கும் கோலியர்ஸ் வுட்டுக்கும் இடையே ஓடினேன். லூயிஷாம் பெண்ணும் தன் கந்தோர் வேலை முடிய வந்து கைகொடுத்தார். மளிகைக்கடைக்காரர் நேரத்தோடு வந்தார். நான் சொன்னதைத்தான் நம்பியிருக்கிறார். ஏப்ரல் என்று கேட்டுவிட்டுப் போன வேறு சிலரை ஒவ்வொருவராகப் போனில் பிடித்தோம். ஒருவருக்கும் தேதி தவறவில்லை. ஐயாவுக்கு என்ன என்று அவர்கள் கேட்டபோது உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஒருமுறை சொன்னால் முடிந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது முடியவில்லை. பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை அவர் போன் பண்ணி, தன் லைசென்ஸ் புதுப்பித்த மெயில் இன்னும் வரவில்லை, உங்களுக்கு வந்துவிட்டதா என்று கேட்டார். டை கட்டிக்கொண்டு கிளம்பி நிற்கிறார் என்பது குரலில் தெரிந்தது. அவருடைய கந்தோரில் அன்று சொன்ன அதே பொய் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அண்ணை, நீங்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், நான்தான் சொன்னேன் என்றேன். நானா கொடுத்தேன் என்று, முதல் தடவை கேள்விப்படுபவர் போலக் கேட்டார். பிறகு கேட்டார், அப்படியென்றால் உங்களுக்கு இனி பதிலாள் யார் என்று. லூயிஷாம் பெண்ணின் பெயரைச் சொன்னேன். நல்ல பிள்ளை, நான்தானே பேசினேன் என்றார். அதற்குப் பிறகும் பல காலைகள் அப்படி விடிந்தன. ஒவ்வொரு தரமும் அவருக்குப் புதிதாகக் காயம்பட்டது. ஒவ்வொரு தரமும் அடுத்த கேள்வி அதேதான்.

கோடையில் ஒரு நாள் போனில் அக்காவின் குரல். அவரிடம் எல்லோரும் சரி சரி என்றே பேசுகிறார்கள், நீங்கள் மட்டும்தான் உள்ளதைச் சொல்கிறீர்கள், உங்களோடு பேசிய அன்று கொஞ்சம் அமைதியாக இருக்கிறார் என்றார். டிசம்பரில் சாப்பாடு உண்டுதானே என்று கேட்டார். உண்டு என்றேன்.

போன டிசம்பரில் லூயிஷாம் பெண்ணும் நானும் அதே கடையில், அதே மேசையில் இருந்தோம். அக்கா அவரைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார். டை கொஞ்சம் கோணலாக இருந்தது. திவசச் சாப்பாடு என்று அவர் அறிவித்ததும் அந்தப் பெண் திடுக்கிட்டார், நான் சிரித்தேன். ஒப்பந்தத்தை எடுத்து நாங்கள் இருவரும் கையெழுத்து வைத்தோம். அவர் பேனாவோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்க போடணும்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அதற்கு ஆயத்தமாகவே வந்திருந்தேன். அந்த ஒப்பந்தத்துக்குச் சாட்சி தேவை என்று சங்கத்தின் எந்த விதியும் சொல்லவில்லை. ஒன்றுக்கு இரண்டு தரம் தேடிப் பார்த்தேன். தேவையில்லாத கையெழுத்தை யார் வைத்தாலும் அது சட்டப்பிழை ஆகாது. அதனால் கடைசிப் பக்கத்தின் அடியில் சாட்சிக்கென்று ஒரு இடம் தட்டெழுதி வைத்திருந்தேன். பெயர், விலாசம், தொழில். அதைக் காட்டினேன்.

அவர் முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் வாசித்தார். தோசை ஆறியது. பெயரை எழுதினார். விலாசத்தை எழுதினார். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த இடத்தை நான் வைத்திருக்கக் கூடாது. கணக்காளர் என்று எழுதிவிடுவார், நான் மறுபடியும் இல்லை என்று சொல்ல வேண்டும், அதுவும் எல்லோருக்கும் முன்னால்.

அவர் ஆங்கிலத்தில், தெளிவான பழைய எழுத்தில், ஓய்வு பெற்றவர் என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார். சரியான இடத்தில்தான் போட்டார். பிறகு தாளைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

"தப்பு இருந்தா சொல்லிடுங்க லா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை அண்ணை என்றேன், அவர் அதை நம்பினார்.